சோயாமீட்டும் ஹோர்மோனும்: உங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்லுங்கள்

உப்புவெளி
வெள்ளிக்கிழமை, வீட்டில் மச்சமில்லை, வழக்கம்போல சோயாமீட் பிரட்டல். தம்பி இரண்டாம் தரம் கேட்டதும் பெரியம்மா கோப்பையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "ஆம்பிளைப் பிள்ளைக்கு இது கூடாது, நெஞ்சு வளரும்." பதினாலு வயதுப் பிள்ளை. எல்லோர் முன்னாலும் இரண்டு கையாலும் நெஞ்சை மறைத்துக்கொண்டு எழும்பிப் போனான். இப்போது கடலில் குளிக்கக் கூப்பிட்டாலும் சேர்ட்டைக் கழற்றுகிறானில்லை. இது உண்மையா?

கிண்ணியா
உம்மாவுக்குத் தைரொயிட். விடிய தைரொக்சின் குளிசை, கையோடு சோயாப்பால். இரத்தச் சோதனையில் டி.எஸ்.எச். (தைரொயிட் குறைந்தால் ஏறும் ஹோர்மோன்) இறங்கவேயில்லை, குளிசையின் அளவைக் கூட்டிக்கொண்டே போனார்கள். கடைசியில் ஒரு டொக்டர் பேனையை மூடி வைத்துவிட்டு, "உம்மா, காலையில என்ன குடிக்கிறீங்க?" என்று கேட்டார். அதுவரை யாரும் கேட்காத கேள்வி. சோயா அந்தக் குளிசையைக் குடல் முழுதாக உறிஞ்ச விடாதாம்.

உவர்மலை
இதை வாசித்துவிட்டு யாரும் சோயாவை நிறுத்தாதீர்கள். எனக்கு மார்புப் புற்றுநோய் சிகிச்சை முடிந்த கையோடு, சொந்தக்காரி ஒருவர் என் கறிச்சட்டியை எட்டிப் பார்த்து, "திரும்பவும் வரவழைக்கப் போறியோ?" என்றார். அகப்பை கையிலேயே நின்றுவிட்டது. 2009இல் ஷாங்காயில் இந்த நோயிலிருந்து மீண்ட 5,042 பெண்களைக் கவனித்து வெளியிட்ட ஆய்வில், சோயா உணவு கூடுதலாகச் சாப்பிட்டவர்களுக்கு நோய் திரும்பியதும் இறப்பும் குறைவாகவே இருந்தன. அது உணவு. ஐசோபிளேவோன் (சோயாவில் உள்ள, ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹோர்மோனைப் போன்ற பொருள்) குளிசை வேறு, டொக்டரைக் கேட்காமல் தொடவே வேண்டாம்.

உப்புவெளித் தங்கச்சி, சோயாவில் இருக்கும் ஜெனிஸ்டீன் என்ற ஐசோபிளேவோன், உடம்பில் ஈஸ்ட்ரோஜன் ஒட்டும் இடங்களில் (ஏற்பிகளில்) ஒட்டும், ஆனால் நம் உடம்பின் ஈஸ்ட்ரோஜனை விட மிகப் பலவீனமாக. ஆண்கள் மீதான 41 ஆய்வுகளை 2021இல் சேர்த்துப் பார்த்தார்கள், ஆண் ஹோர்மோனான டெஸ்டொஸ்டிரோன் குறையவில்லை. மார்பு வீங்கியதாக 2008இல் மருத்துவ இதழில் பதிவான ஒரு 60 வயதுக்காரர் நாளுக்கு ஏறக்குறைய 3 லீற்றர் சோயாப்பால் குடித்தவர். நிறுத்தியதும் சரியாகிவிட்டது. தம்பியின் வயதில் நெஞ்சு கொஞ்சம் தடிப்பது பல பெடியன்களுக்கு வரும், பெரும்பாலும் தானாகவே போய்விடும். நோவு இருந்தால் டொக்டரிடம் காட்டுங்கள். பெரியம்மாவை அவன் முன்னாலேயே இதை வாசிக்க வையுங்கள். அப்புறம், சோயாமீட்டை அவித்துப் பிழிந்துவிட்டுச் சமையுங்கள், கூட வரும் சுவைத்தூளைக் குறைத்துப் போடுங்கள், அதில் உப்பு அதிகம்.

கிண்ணியா
நிறுத்தச் சொல்லவில்லை, அக்கா. நேரத்தை மாற்றினோம். விடிய வெறும் வயிற்றில் தண்ணீரோடு குளிசை, சோயாப்பால் அசர் தொழுகைக்குப் பிறகு. அடுத்த இரத்தச் சோதனையிலேயே இறங்கியிருந்தது.