சிஸ்டமேட்டிக்கா ஸ்கோப்பிங்கா? (நம்ம வீடு குரூப், நைட் பத்தரை)

கவி: திவ்யாக்கா முழிச்சிருக்கியா?? கைடு இன்னைக்கு சிஸ்டமேட்டிக் ரிவ்யூ பண்ணிடும்மா, வெயிட்டா இருக்கும்னு சொல்லிட்டாங்க, டாபிக் கங்காரு மதர் கேர் (குறைமாசக் குழந்தைய அம்மா நெஞ்சோட ஒட்டி வெச்சுக்கறது), கையில மூணு மாசம், நான் ஒத்த ஆளு 😭

சுந்தர் மாமா: மூணு மாசம் எதுக்கு. கூகுள்ல போட்டா ஒரே நாள்ல எல்லாம் வந்துடுமே

திவ்யாக்கா: எல்லாம் வந்துடும், அதான் மாமா பிரச்சனையே 😄 சிஸ்டமேட்டிக் ரிவ்யூன்னா ஒரு கேள்விக்கு இதுவரைக்கும் வந்த ஆராய்ச்சி பேப்பர் எல்லாத்தையும் தேடி, சலிச்சு, சேத்து பதில் எடுக்கணும்

திவ்யாக்கா: கவி ரிவ்யூ பேர அப்புறம் பாப்போம். உன் கேள்வி என்ன, ஒரே வரில சொல்லு

கவி: குறைமாசக் குழந்தைக்கு கங்காரு கேர் நல்லதான்னு

திவ்யாக்கா: அதுக்கு பதில் வந்து வருஷக்கணக்காச்சு டி. 1978ல கொலம்பியாவுல, பொகோட்டால, இன்குபேட்டர் பத்தாம அம்மா நெஞ்சோட கட்டி வெச்சு ஆரம்பிச்சது, அதுக்கப்புறம் நடந்த டிரயல எல்லாம் சேத்து காக்ரேன்னு மருத்துவ ரிவ்யூ பண்ற அமைப்போட ரிவ்யூவே இருக்கு, 2016ல அப்டேட் கூட பண்ணாங்க. 2021ல பெரிய டிரயல் ஒண்ணு, இந்தியாவும் ஆப்பிரிக்காவுல நாலு நாடும், 3,211 குழந்தைங்க, நிலைமை சரியாகட்டும்னு காத்திருக்காம பொறந்த கையோட ஆரம்பிச்சா 28 நாளுக்குள்ள சாவு கால்வாசி குறையுதுன்னு வந்துச்சு. நீ தூங்காம பண்ணாலும் அதே பதில்தான் வரும்

கவி: அப்போ டாபிக்கே போச்சா 😶

பெரியம்மா: நம்ம குட்டிக்கு செய்யச் சொன்னாங்களே அதுதானே. நல்லதுன்னு எல்லாருக்கும் தெரியும், செய்ய முடிஞ்சாத்தானே. ஆபரேஷன் வலில அவளுக்கு உக்காரவே முடியல, வார்டுல சாஞ்சு உக்கார ஒரு நாற்காலி கிடையாது, பாக்க வர்ற ஆம்பளைங்க நடுவுல பிள்ளைய எப்படி நெஞ்சுல போட்டுக்கறது, ரெண்டாம் நாளே விட்டுட்டா

திவ்யாக்கா: பெரியம்மா 👏👏 கவி, இதான் உன் கேள்வி. நல்லதுன்னு தெரிஞ்சும் ஏன் வார்டுல நின்னு போகுது. இதுக்கு டிரயல் மட்டும் வராது, இன்டர்வ்யூ, சர்வே, ரிப்போர்ட்னு தினுசு தினுசா வரும், எல்லாத்தையும் கூட்டி ஒரு நம்பர் எடுக்க முடியாது, எதப் பத்தி எவ்ளோ இருக்கு, எத யாரும் தொடலன்னு விரிச்சுக் காட்டணும். அதுக்கு ஸ்கோப்பிங் ரிவ்யூதான் சரி, ஆர்க்சியும் ஓமேலியும் 2005ல போட்ட ஃப்ரேம்வொர்க்

கவி: கைடு ஒத்துக்கலன்னா? பேசாம நேரேட்டிவா, நானே எடுத்த பேப்பர வெச்சு கதை மாதிரி எழுதிடவா

திவ்யாக்கா: எழுதலாம், ஆனா இந்த பேப்பர ஏன் எடுத்த அத ஏன் விட்டன்னு வைவால கேட்டா முழிப்ப, நான் முழிச்சிருக்கேன். கைடு கிட்ட கிராண்ட், பூத் 2009 பேப்பர காட்டு, ரிவ்யூவயே 14 வகையா பிரிச்சிருப்பாங்க. சிஸ்டமேட்டிக்னா வந்த பேப்பர ரெண்டு பேர் தனித்தனியா சலிக்கணும், ஒவ்வொரு ஸ்டடியோட தரமும் பாக்கணும், ரிவ்யூ திட்டத்த ரெஜிஸ்டர் பண்ணதுல இருந்து பப்ளிஷ் ஆக சராசரி 67 வாரம்னு 2017ல ஒரு கணக்கு வந்துச்சு, அதையும் மெதுவா காதுல போடு

திவ்யாக்கா: ஆனா ஸ்கோப்பிங்னா சுளுவுன்னு நெனச்சுக்காத. தரம் பாக்கற வேலை பொதுவா இல்ல அவ்ளோதான், தேடறதும் ரெண்டு பேர் சலிக்கறதும் அதே பாடு. ரிவ்யூவ எப்படி எழுதணும்னு சொல்ற பிரிஸ்மா வழிகாட்டில ஸ்கோப்பிங்குக்குன்னே தனி செக்லிஸ்ட் 2018ல வந்தது இருக்கு, அத பக்கத்துல வெச்சுக்கோ

கவி: பப்மெட்ல கங்காரு மதர் கேர்னு போட்டா போதுமா

திவ்யாக்கா: போதாது, பாதி பேர் ஸ்கின் டு ஸ்கின்னு எழுதியிருப்பாங்க, 'ஆர்' போட்டு அதையும் சேரு. அப்ப நிறைமாசக் குழந்தை பேப்பரும் வந்து கொட்டும், அதனால ப்ரீடெர்ம், லோ பர்த் வெயிட் ரெண்டையும் 'ஆர்'ல சேத்து, அத இதோட 'ஆண்ட்' போட்டு கட்டு. நர்சிங்னா சினால்னு நர்சிங் பேப்பர் இருக்கற டேட்டாபேஸும் பாக்கணும். தேடின தேதி, வந்த எண்ணிக்கை அன்னைக்கே எழுதி வை, நான் எழுதாம விட்டு மொத்தத்தையும் மறுபடி தேடினேன் 🤦‍♀️ ரெண்டாவது ஆளுக்கு உன் ரூம்மேட்ட கேளு

சுந்தர் மாமா: நான் பாக்கறேனே. பேங்க்ல 31 வருஷம். மேக்கர் செக்கர் மாதிரிதானே

திவ்யாக்கா: இல்ல மாமா, செக்கர் மேக்கர் போட்டத பாத்துட்டுதான் கையெழுத்து போடுவாரு, இங்க கவி என்ன போட்டான்னு பாக்கவே கூடாது, கடைசில ஒத்துப் பாத்து எங்க இடிக்குதோ அத மட்டும் பேசணும்

சுந்தர் மாமா: சரி லிங்க் அனுப்பு. கண்ணாடி மாத்தணும் முதல்ல

பெரியம்மா: கவி, ஃபேன் ஓடாததையும் எழுதிக்கோ. தாய்க்கும் பிள்ளைக்கும் வேர்த்து ஊத்துச்சு

கவி: பெரியம்மா, எதாவது பேப்பர்ல இருந்தாத்தான் சேக்க முடியும் 🙈

பெரியம்மா: தேடு. எவளாவது சொல்லியிருப்பா