தம்பியின் மேல்முறையீட்டுக்கு எண் கிடைத்த கதை

செஷன்ஸ் கோர்ட்டில் தம்பிக்குப் பத்தாண்டு என்று தீர்ப்பானதும் அம்மா அங்கேயே மயங்கிவிட்டார். "ஹைகோர்ட்டில் அப்பீல் போட்டுவிடலாம்" என்றார் வழக்கறிஞர். என் வளையலை அடகு வைத்துப் பணம் கட்டினோம். வேலை நடக்கிறது என்றே நம்பியிருந்தோம்.

ஒன்பது மாதம் கழித்து மனு பார்க்க, அதாவது சிறையில் தம்பியைச் சந்திக்கப் போனபோது, கம்பி வலைக்கு அந்தப் பக்கம் நின்று அவன் கேட்டான்: "அக்கா, நம்பர் ஆகிவிட்டதா?" ஹைகோர்ட் அப்பீலைக் கோப்பில் எடுத்து எண் கொடுத்துவிட்டதா என்று கேட்கிறான். விசாரித்தால், மேல்முறையீடு தாக்கலாகவே இல்லை.

செஷன்ஸ் தீர்ப்பை எதிர்த்து ஹைகோர்ட்டுக்குப் போக 60 நாள்தான். மாஜிஸ்திரேட் தீர்ப்பென்றால் செஷன்ஸுக்கு 30 நாள். நகல் கேட்டு மனுச் செய்து, அது தயாராகும்வரை ஆகும் நாட்களைக் கழித்துக்கொள்ளலாம். சிறைத் தண்டனை பெற்றவருக்குத் தீர்ப்பு நகலை உடனே இலவசமாகத் தர வேண்டும். தம்பிக்கும் தந்திருக்கிறார்கள். அவன் அதைப் பிளாஸ்டிக் உறையில் சுற்றித் துணிப்பைக்கு அடியில் பத்திரப்படுத்தியிருந்தான். சிறையிலிருந்தே அதிகாரி மூலம் மேல்முறையீடு அனுப்பலாம் என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை. நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது.

மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு ஓடினேன். காவலில் இருப்பவருக்கு வருமானம் பார்க்காமல் இலவச வழக்கறிஞர் உண்டு. வழக்கறிஞராக வந்த அம்மையார் முதலில் கேட்டது அடகு ரசீதை. தீர்ப்பு வந்து பன்னிரண்டாம் நாள் தேதி அதில் இருந்தது. நாங்கள் சும்மா இருக்கவில்லை என்பதற்கு அந்தக் கசங்கிய தாள்தான் சாட்சி. தாமதத்தை மன்னிக்கக் கோரும் மனுவோடு அதையும் இணைத்தார். நீதிபதி ஏற்றுக்கொண்டார்.

இன்னொன்றையும் அம்மையார் அழுத்திச் சொன்னார். சம்பவ நேரத்தில் தம்பியை வேறு ஊரில் பார்த்ததாக இப்போது ஒருவர் சொல்கிறார். அந்தச் சாட்சியத்தைச் சேர்க்கும்படி மேல்முறையீடு நிலுவையில் இருக்கும்போதே கேட்டாக வேண்டும். ஏற்பதும் மறுப்பதும் நீதிமன்றத்தின் விருப்பம். தீர்ப்பில் கையெழுத்தான பிறகு, எழுத்துப்பிழை, கணக்குப்பிழை தவிர எதையும் அதே நீதிமன்றம் மாற்ற முடியாது. ஹைகோர்ட்டில் தோற்றால் உச்ச நீதிமன்றத்துக்குப் போக 90 நாள். அங்கேயும் தோற்றால் சீராய்வு மனுவுக்கு 30 நாள். அதிலும் தீர்ப்பிலேயே வெளிப்படையாகத் தெரியும் பிழையைத்தான் காட்ட வேண்டும், வழக்கை முதலிலிருந்து வாதாட முடியாது. அதனால் சாட்சியத்துக்கான மனுவையும் உடனே போட்டுவிட்டோம்.

போன வாரம் மேல்முறையீட்டுக்கு எண் ஆனது. உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டு போய் வலையில் ஒட்டிக் காட்டினேன். தம்பி ஒவ்வொரு இலக்கமாக வாய்விட்டுப் படித்தான்.