ஆர்.ஓ. தண்ணீர் பாதியாகிவிட்டது, ஆறு மெம்பிரேனையும் மாற்றத்தான் வேண்டுமா?

ரோலிங்ரூம்:
வணக்கம். நானுஓயாப் பக்கம் ஒரு தேயிலை ஸ்டோரில் (தொழிற்சாலையில்) மெஷின் வேலை பார்க்கிறேன். ரோலரும் தரையும் கழுவுகிற, தேயிலைச் சாயம் கலந்த தண்ணீரைச் சுத்தம் செய்து, திரும்பவும் தரை கழுவ எடுப்பதற்காகப் போன ஏப்ரலில் ஒரு பிளாண்ட் போட்டோம். காற்று அடிக்கிற தொட்டி, மணல் வடி, யூ.எஃப். (நுண்துளை வடி), கடைசியில் ஆர்.ஓ. (அழுத்தம் கொடுத்துச் சவ்வு வழியாக உப்பையும் வடிப்பது). அதில் நாலு அங்குல மெம்பிரேன் (சவ்வுச் சுருள்) ஆறு. மூன்று மூன்றாக இரண்டு குழாயில், ஒன்றன்பின் ஒன்றாக.

ஏப்ரலில் 11 பார் அழுத்தத்தில் மணிக்கு 1,000 லீட்டர் வந்தது. இப்போது ஜனவரி. 14 பார் வைத்தும் 570 தான். உள்ளே போகிற இடத்துக்கும் வெளியே வருகிற இடத்துக்கும் அழுத்த வித்தியாசம் 1.2 இலிருந்து 2.1 ஆகிவிட்டது. வடிந்து வரும் நல்ல தண்ணீரின் டி.டி.எஸ். (கரைந்திருக்கும் உப்பின் அளவு) 18 இருந்தது, இப்போது 55. சிற்றிக் அமிலம் போட்டு இரண்டு தடவை கழுவினேன், பலன் இல்லை. பிளாண்ட் போட்டுத் தந்தவர்கள் ஆறு மெம்பிரேனையும் மாற்றச் சொல்கிறார்கள். தோட்டத்துத் துரையிடம் (மேலாளரிடம்) அந்தக் கணக்கைக் கொண்டுபோக எனக்கு மனமில்லை.

இதை நிறுத்தினால் ஸ்டோர் மறுபடியும் ஓடைத் தண்ணீருக்குத்தான் போகும். மார்ச் வரை மழை குறைவு. லயத்துப் பீலிக்கும் (தொழிலாளர் குடியிருப்பின் தண்ணீர்க் குழாய்க்கும்) அதே ஓடைதான். போன வருடம் பெப்ரவரியில் பீலி நூல் மாதிரி ஒழுகியதையும், காலையில் குடங்கள் வரிசையாக இருந்ததையும் நான் பார்த்தவன். தெரிந்தவர்கள் உதவுங்கள்.

பம்ப்கொட்டில்:
தம்பி, ஓ-ரிங் (மூட்டில் கசிவை அடைக்கும் ரப்பர் வளையம்) வெட்டுப்பட்டிருக்கும். டி.டி.எஸ். ஏறினால் முதலில் அதைத்தான் பார்க்க வேண்டும்.

வடிகட்டி:
ஓ-ரிங்கைப் பாருங்கள், ஆனால் அதற்கு முன் ஒரு கேள்வி. உள்ளே போகிற தண்ணீரின் சூடு எத்தனை பாகை? தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தீர்களா?

ரோலிங்ரூம்:
இப்போதுதான் பார்த்தேன் அண்ணா. காலை ஆறரைக்கு 14. ஏப்ரல் பதிவுப் புத்தகத்தில் 20 என்று இருக்கிறது.

வடிகட்டி:
சரி, பாதிக் கதை அதில் இருக்கிறது. மெம்பிரேன் தாளில் அச்சடித்திருக்கும் அளவு 25 பாகைக்கு. தண்ணீர் குளிரக் குளிரத் தடித்துப்போகும்; ஒரு பாகை குறைந்தால் ஏறக்குறைய 3 சதவீதம் வரத்துக் குறையும். 20 இல் 1,000 தந்த அதே மெம்பிரேன், ஓர் அழுக்கும் இல்லாமலே 14 இல் 800 தான் தரும். அந்த 200 லீட்டரைக் கழுவி மீட்க முடியாது, வெயில் வந்தால் தானாக வரும். கொழும்பில் இருந்து பார்ப்பவர்களுக்கு நம் மலைக்குளிர் கணக்கில் வருவதில்லை.

800 க்கும் 570 க்கும் நடுவில் இருப்பதுதான் அழுக்கு. நீங்கள் அழுத்தத்தைக் கூட்டியிருப்பதால் உண்மையில் அதைவிட அதிகம். தயவுசெய்து 14 பாரை இறக்குங்கள். கூட்டக் கூட்ட அழுக்கு இறுகிப் படியும்.

எனக்குப் பயம் தருவது 55 தான். குளிரில் உப்புக் கடப்பதும் குறைய வேண்டும், டி.டி.எஸ். இறங்க வேண்டும். உங்களுக்கு ஏறியிருக்கிறது. ஒன்று ஓ-ரிங், இல்லையென்றால் குளோரின் மெம்பிரேனைத் தின்றிருக்கிறது. தொட்டியில் ப்ளீச்சிங் பவுடர் போடுகிறீர்களா?

ரோலிங்ரூம்:
போடுகிறோம். யூ.எஃப்.க்கு முன்னால், பாசி பிடிக்காமல் இருக்க. ஆர்.ஓ.க்கு முன்னால் குளோரினை முறிக்க மெட்டாபைசல்பைட் சொட்டுகிறது. மாதத்துக்கு ஒரு தடவை டிரம்மில் கலக்கி வைப்போம்.

அப்புறம், மூடியைக் கழற்றிப் பார்த்தேன். முதல் மெம்பிரேனின் வாயில் கறுப்பாக வழுவழு என்று ஒரு படலம். விரலில் தேய்த்தால் மை மாதிரி ஒட்டுகிறது, பழைய சாயத்தின் வாடை. ஓ-ரிங் எல்லாம் நன்றாக இருக்கின்றன.

கறைபடிந்தகை:
அந்தக் கறுப்பு எனக்குத் தெரியும். இரும்புக் கத்தியால் வாழைக்காய் வெட்டினால் கை கறுக்கிறதே, அதேதான். சாயத்தில் இருக்கிற துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தால் மை. உங்கள் தண்ணீர் எங்கேயோ பழைய இரும்புக் குழாயில் வருகிறது. அதைத் தேடுங்கள்.

வடிகட்டி:
மாதத்துக்கு ஒரு தடவையா! கரைத்த மெட்டாபைசல்பைட் காற்றுப் பட்டால் வலுவிழந்துவிடும். 10 சதவீதக் கரைசல் ஒரு வாரம், 2 சதவீதம் என்றால் மூன்று நாள்தான் தாங்கும். மாதக் கடைசியில் உங்கள் டிரம்மில் இருந்தது வெறும் உப்புத் தண்ணீர். யூ.எஃப். குளோரினைத் தாங்கும், ஆர்.ஓ. தாங்காது. கூடவே இரும்பு இருந்தால் சேதம் இன்னும் வேகம்.

இரண்டு குழாயிலிருந்தும் நல்ல தண்ணீரைத் தனித்தனியாக எடுத்து டி.டி.எஸ். பாருங்கள். இரண்டாவது குழாய்க்குச் செறிவான தண்ணீர் போவதால் அதில்தான் கூடுதலாக இருக்க வேண்டும். முதல் குழாயில் கூடுதல் என்றால் குளோரின் முன்னால் தாக்கியிருக்கிறது. பிறகு அந்தக் குழாயின் நடுத்துளைக்குள் மெல்லிய பிளாஸ்டிக் ரியூபைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளி, ஒவ்வொரு மெம்பிரேனிலும் தண்ணீர் எடுத்துப் பாருங்கள். எது கெட்டது என்று அதுவே சொல்லிவிடும்.

கழுவும்போது அமிலத்தை முதலில் போடாதீர்கள். துவர்ப்பும் சளியும் அமிலத்தில் இறுகும். முதலில் காரம்: 0.1 சதவீதம் காஸ்டிக் சோடா, 1 சதவீதம் ஈ.டி.டி.ஏ. சோடியம் உப்பு, பி.எச். 12, சூடு 30 பாகை, அதைத் தாண்டக் கூடாது. ஒரு மணி நேரம் மெதுவாகச் சுற்ற விட்டு, ஊற விட்டு, மறுபடி சுற்ற விடுங்கள். நன்றாக அலசிய பிறகே சிற்றிக் அமிலம். கரைக்க ஆர்.ஓ. தண்ணீரே வேண்டும், ஓடைத் தண்ணீர் வேண்டாம். நீங்கள் 14 பாகைத் தண்ணீரில் கழுவியிருந்தால் அதுவும் பலிக்காததற்கு ஒரு காரணம். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் ரப்பர் கையுறையும் இல்லாமல் காஸ்டிக்கைத் தொடாதீர்கள்.

பீலிக்கரை:
ஆர்.ஓ. வடிக்காமல் தள்ளுகிற கழிவுத் தண்ணீர் எங்கே போகிறது என்று யாருமே கேட்கவில்லையே. 100 லீட்டரில் 70 ஐ எடுத்தால் மிச்ச 30 இல் அழுக்கு மூன்று மடங்குக்கு மேல் செறிந்திருக்கும். நானுஓயா கொத்மலை ஓயாவில் விழுந்து தலவாக்கலையில் மேல் கொத்மலை நீர்த்தேக்கத்துக்குப் போகிறது. நீர்நிலையில் விட பி.ஓ.டி. (கிருமி தின்னக்கூடிய அழுக்கின் அளவு) லீட்டருக்கு 30, சி.ஓ.டி. (மொத்த அழுக்கின் அளவு) 250 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்பது சட்டம். கழுவிய காரத்தையும் பி.எச். 6 க்கும் 8.5 க்கும் இடையில் கொண்டுவராமல் விடாதீர்கள். கீழே குளிக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள்.

ரோலிங்ரூம்:
சரியான கேள்வி அக்கா. இப்போது கழிவைக் காற்றுத் தொட்டிக்கே திருப்பி விடுகிறோம்.

வடிகட்டி:
அழுக்கைக் கிருமி தின்னும், உப்பைத் தின்னாது. சுற்றிச் சுற்றி உப்பு ஏறிக்கொண்டே போகும். தொட்டியின் டி.டி.எஸ். ஐ வாரம் ஒரு தடவை பாருங்கள். ஏறினால் ஒரு பங்கைப் பவுசரில் (தண்ணீர் லொறியில்) வெளியேற்ற வேண்டும்.

ரோலிங்ரூம்: (ஒன்பது நாள் கழித்து)
முதல் குழாயில் 74, இரண்டாவதில் 31. ரியூப் விட்டுப் பார்த்ததில் முதலாவது மெம்பிரேன் மட்டுமே மோசம், மற்ற ஐந்தும் பரவாயில்லை. டிரையர் பக்கத்தில் டிரம் வைத்துத் தண்ணீரைச் சுட வைத்து 30 பாகையில் காரம் சுற்ற விட்டோம். முதல் பத்து நிமிடத்தில் வந்தது கட்டிச் சாயம் மாதிரிக் கறுப்பு. கழுவிய தண்ணீரை நடுநிலையாக்கித் தொட்டியில் வைத்திருக்கிறோம், ஓடைக்கு விடவில்லை.

இன்று காலை 14 பாகையில், 11 பாரில், 740 லீட்டர். அழுத்த வித்தியாசம் 1.3. டி.டி.எஸ். இன்னும் 50 தான். ஒரு மெம்பிரேனுக்கு மட்டும் துரையிடம் கேட்டிருக்கிறேன், சரி என்றார். சேகரிப்புத் தொட்டியில் இருந்து வருகிற அறுபது அடி இரும்புக் குழாயைப் பி.வி.சி.க்கு மாற்றுகிறோம்.

மெட்டாபைசல்பைட் இனி மூன்று நாளுக்கு ஒரு தடவை. கலக்கிய தேதியை டிரம்மில் சாக்பீஸால் எழுதி வைக்கிறேன்.