ப்ளஸ்டரின்னு சொன்னா குடையை வீட்டுலயே வெச்சிட்டு கெளம்புங்க

இந்த செப்டம்பர்ல ஸ்காட்லாந்துக்கு படிக்க, வேலை பாக்கன்னு வந்து எறங்கியிருக்கிற நம்ம ஆளுங்களுக்காக எழுதுறேன். பேங்க் அக்கவுண்ட், வாடகை டெபாசிட், ஜிபி (குடும்ப டாக்டர்) பதிவு பத்தியெல்லாம் ஏற்கனவே நிறைய பேர் சொல்லிட்டாங்க, நான் ஒரே ஒரு வார்த்தையை மட்டும் எடுத்துக்கறேன். ப்ளஸ்டரி (blustery), காத்தைப் பத்திச் சொல்ற இங்கிலீஷ் வார்த்தை. அக்டோபர் பொறந்துட்டா டிவி வானிலையில, ஆபீஸ் லிஃப்ட்ல, பஸ் ஸ்டாப்புல நிக்கிற தாத்தா வாயில, எங்க பாத்தாலும் இந்த வார்த்தைதான்.

எடின்பரோவுல எனக்கு முதல் அக்டோபர். கூட வேலை பாக்கிற அம்மா ஒருத்தங்க சாயங்காலம் கெளம்புறப்ப, வெளிய கொஞ்சம் ப்ளஸ்டரியா இருக்கு, பாத்து போன்னாங்க. 'கொஞ்சம்'னு சொன்னதால நல்லா காத்தோட்டமா இருக்கும் போலன்னு எடுத்துக்கிட்டேன். நார்த் பிரிட்ஜ்ல நடந்து போறேன், கீழ வேவர்லி ஸ்டேஷன், மேல தடுக்க ஒரு கட்டடமும் இல்ல. குடை மூணாவது அடியிலயே வெளிப்பக்கமா மடங்கி கம்பி ரெண்டு பிஞ்சு தொங்குது. அது போகட்டும். காத்து இடது பக்கமிருந்து தள்ளுது, நான் அதுக்கு எதிரா சாஞ்சு நடக்கறேன், திடீர்னு அது கைய விட்டுடுச்சு, சாஞ்ச வேகத்துல நான் அந்தப் பக்கமே போயிட்டேன், பாலத்து கைப்பிடியில ரெண்டு கையையும் ஊனி நின்னு நிமிர்றதுக்குள்ள அடுத்த அடி மூஞ்சிக்கு நேரா வருது.

ப்ளஸ்டரின்னா அதுதாங்க. எவ்ளோ பலமா அடிக்குதுங்கிறது ரெண்டாம்பட்சம், ஒரே சீரா அடிக்காம விட்டு விட்டு மோதுறதுதான் அதோட குணம்.

நான் ஆரல்வாய்மொழி பக்கம். வைகாசியில ஆரம்பிச்சு ஆவணி வரைக்கும் கணவாய் வழியா மேக்க இருந்து வர்ற காத்துலதான் வளர்ந்தேன், முப்பந்தல்ல இத்தனை காத்தாடி நட்டு வெச்சிருக்கிறதும் அதுக்காகத்தான். ஆடிக் காத்துல அம்மியே பறக்கும்னு சொல்லிப் பழகினவங்களுக்கு இங்க உள்ள காத்து என்ன பெருசுன்னு தோணும். ஆனா அந்தக் காத்து ஒரே திசையில ஆத்துத் தண்ணி மாதிரி விடாம போயிட்டிருக்கும், உடம்பு அதுக்கு ஏத்த மாதிரி பழகிக்கும். இங்க பழக விடாது. அதனால பலத்தை வெச்சு ரெண்டையும் ஒப்பிடாதீங்க.

ஃபோன்ல வெதர் ஆப் பாக்கிறப்ப காத்துக்கு ரெண்டு எண் இருக்கும், ஒண்ணு சராசரி வேகம், இன்னொண்ணு கஸ்ட், அதாவது நடுவுல திடுக்குன்னு வர்ற மோதல். சராசரி 20 மைல்னு போட்டு கஸ்ட் 40ன்னு இருந்தா அந்த வித்தியாசத்தைத்தான் பாக்கணும். மத்த வார்த்தையும் சேத்து தெரிஞ்சுக்கோங்க. ப்ரீஸின்னு சொன்னா துணி காயப்போடலாம். கேல்னு சொன்னா அது சும்மா பேச்சு வார்த்தை கிடையாது, காத்து வேகத்தை அளக்கிற பியூஃபோர்ட் அளவுல 8, மணிக்கு 39ல இருந்து 46 மைல் வரைக்கும். பெரிய பாதிப்பு வரும்னு தெரிஞ்சா புயலுக்குப் பேரே வெச்சிடுவாங்க, மெட் ஆபீஸ் (பிரிட்டன் வானிலை மையம்) 2015ல இருந்து இப்படி வெக்கிறாங்க. 2025 ஜனவரி 24ல இயோவின் புயலுக்கு இங்க ரெட் வார்னிங், ஸ்காட்ரெயில் ஒரு ரயிலும் ஓட்டல. அதுக்கு முன்னாடி 2024 டிசம்பர் 31 எடின்பரோ புத்தாண்டு வாணவேடிக்கை, தெருக் கொண்டாட்டம் ரெண்டையும் வானிலைக்காக ரத்து பண்ணினாங்க, அதுக்குன்னே டிக்கெட் போட்டு தூரத்துல இருந்து வந்த பசங்க ரொம்ப நொந்துட்டாங்க. மஞ்சள் வார்னிங்னா பாத்து போங்க, ஆம்பர்னா வேலை இல்லாம போகாதீங்க, ரெட்னா வாசப்படி தாண்டாதீங்க.

ப்ளஸ்டரி ஷவர்ஸ்னு சேத்தும் சொல்வாங்க. அட்லாண்டிக்ல இருந்து வர்ற குளிர் காத்து அதைவிட சூடான கடல் மேல வரும்போது மேகம் குவிஞ்சு எழும்புது, அதுல இருந்து மழை விழும்போது மேல இருக்கிற வேகமான காத்தையும் சேத்து கீழ இழுத்துட்டு வருது. அதனாலதான் பத்து நிமிஷம் வெயில், அஞ்சு நிமிஷம் பேய் மழையும் காத்தும், திரும்ப வெயில். தூரத்துல கறுப்பா ஒரு மேகம் வருதுன்னா மழைக்கு முன்னாடியே காத்து வந்துடும், அதுக்குள்ள ஒதுங்கிடுங்க.

இந்த ஊருக்கு குடையில காசு போடாதீங்க, அந்தக் காசுல நல்ல ஜாக்கெட் வாங்குங்க. தலைமூடியில இழுத்துக் கட்ட கயிறு இருக்கான்னு கடையிலயே பாருங்க, கயிறு இல்லாத தலைமூடி முதல் கஸ்ட்லயே பின்னாடி போயிடும். ஆப்ல ஃபீல்ஸ் லைக்னு போட்டிருக்கிற எண்ணைப் பாத்து உடுத்துங்க, 8 டிகிரியில இந்தக் காத்து அடிச்சா 8 மாதிரியே இருக்காது. சைக்கிள்ல போறவங்க ரெண்டு கட்டடத்துக்கு நடுவுல சந்து வர்ற எடத்துல கவனமா இருங்க, அங்கதான் பக்கவாட்டுல இருந்து அடிக்கும். கார் கதவைத் திறக்கும்போது ஒரு கை கதவுலயே இருக்கணும், நண்பர் ஒருத்தர் கையெடுத்த அந்த ஒரு நொடியில கதவு முன்பக்கமா திரும்பி கீல் வளைஞ்சு, மூடவே முடியாம ஒரு வாரம் நின்னுச்சு அந்தக் கார். கரண்ட் போச்சுன்னா 105க்கு அடிங்க, காசு கிடையாது.

இன்னொண்ணு, ப்ளஸ்டர்னு மனுஷன் பேச்சையும் சொல்வாங்க, அது நம்ம ஊர் வாய்ச்சவடால், உதார். அரசியல் செய்தியில வந்தா காத்துன்னு நெனச்சுக்காதீங்க. கால்ல வர்ற கொப்புளம் ப்ளிஸ்டர், அது மேல ஒட்டுறது ப்ளாஸ்டர், மருந்துக் கடையில மாத்திச் சொல்லிடாதீங்க.

கைக்குழந்தையோட வந்திருக்கிற அக்கா தங்கச்சிங்க இதை மட்டும் மறந்துடாதீங்கம்மா. பஸ் ஸ்டாப்புல நிக்கிறப்ப ப்ராமுக்கு (குழந்தை தள்ளுவண்டிக்கு) ப்ரேக் போட்டுட்டோம்னு ஃபோனை எடுக்காதீங்க, கைப்பிடியில மணிக்கட்டுப் பட்டை இருந்தா அதைக் கைல மாட்டிட்டு நில்லுங்க. ப்ராம் மேல போடுற ப்ளாஸ்டிக் மழைக்கவர் பாய்மரம் மாதிரி காத்தைப் பிடிச்சிக்கும். மழை விட்டதும் அதைக் கழட்டி கீழ கூடையில வெச்சிடுங்க.