லைம் நோய்க்கு மருந்து முடிந்து எட்டு மாதம் ஆகியும் சோர்வும் வலியும் விடவில்லை, நீங்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

தோட்டக்காரி:

வணக்கம். கனெக்டிகட்டில், ஹார்ட்ஃபோர்டுக்குக் கொஞ்சம் தள்ளி இருக்கிறோம். கொல்லையில் ஒரு பழைய கல் சுவர், அதற்கு அந்தப் பக்கம் காடு, மான் வந்து என் அவரைக்கொடியை மேய்ந்துவிட்டுப் போகும். போன ஜூனில் அந்தச் சுவரோரம் சருகு வாரியபோதுதான் என் வீட்டுக்காரரை உண்ணி கடித்திருக்க வேண்டும். யாரும் அதைப் பார்க்கவில்லை. முழங்காலுக்குப் பின்னால் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு தடிப்பு மட்டும் வந்தது. படங்களில் காட்டுகிற வளையம் எதுவும் இல்லை, நம் நிறத்தில் அது சிவப்பாகக்கூடத் தெரியவில்லை, அடிபட்டுக் கன்றிப்போன மாதிரி இருந்தது. படர்தாமரை என்று நினைத்து நான்தான் களிம்பு தடவினேன், அதை நினைத்தால் இப்போதும் வயிற்றைப் பிசைகிறது.

ஜூலைக் கடைசியில் ஒரு நாள் காலை வாய் கொப்பளிக்கும்போது தண்ணீர் ஒரு பக்கமாக ஒழுகியது, ஒரு கண்ணை மூட முடியவில்லை. பக்கவாதம் என்று பயந்து எமர்ஜென்சிக்கு ஓடினோம். பரிசோதனையில் லைம் என்று வந்தது, உண்ணி கடித்து வருகிற கிருமி நோய். டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் 100 மில்லிகிராம், நாளைக்கு இரண்டு வேளை, 21 நாள். முகம் சில வாரங்களில் நேராகிவிட்டது, மனிதர்தான் பழையபடி ஆகவில்லை. வயது 46. மாலை நாலு மணிக்கு மேல் உட்கார்ந்த இடத்திலேயே சரிந்துவிடுகிறார், முழங்காலும் கழுத்தும் மாறி மாறி வலிக்கின்றன, ராத்திரி தூக்கமில்லை, எழுந்து நின்றால் கிறுகிறுப்பு. மீட்டிங்கில் பேசிக்கொண்டிருக்கும்போதே சொல்ல வந்த வார்த்தை தொலைந்துவிடுகிறதாம், மண்டைக்குள் பஞ்சு அடைத்த மாதிரி இருக்கிறது என்கிறார்.

குடும்ப டாக்டர், கிருமி போய்விட்டது, காலம் ஆக ஆகச் சரியாகும் என்கிறார். வேறு ஊரில் ஒரு தனியார் கிளினிக்கில், பரிசோதனை இன்னும் பாசிட்டிவ், இது நாள்பட்ட லைம், கையில் குழாய் வைத்து ஆறு மாதம் ஆன்டிபயாடிக் ஏற்ற வேண்டும் என்கிறார்கள். இன்சூரன்ஸ் தராது, பல ஆயிரம் டாலர். ஊரில் அம்மாவிடம் சொன்னால் 'உண்ணிக் காய்ச்சல்தானே, பக்கத்து வீட்டுப் பையனுக்கு ஒரே வாரத்தில் போய்விட்டதே' என்கிறார். யாருக்காவது இந்த அனுபவம் உண்டா? இன்னொரு சந்தேகமும் இருக்கிறது. அவர் மாத்திரையைப் பால் காபியோடுதான் போட்டுக்கொண்டார், அதனால்தான் குணமாகவில்லையோ?

மாத்திரைக்கடை அண்ணாச்சி:

நியூஜெர்சியில் பார்மசிஸ்ட் நான். முதலில் காபி விஷயம். பால் இந்த மருந்தை உடம்பு உறிஞ்சுவதைக் கொஞ்சம் குறைக்கும், அவ்வளவுதான். இரும்புச் சத்து மாத்திரையும் கால்சியமும் கூடச் சேர்ந்தால்தான் பெரிய இடைஞ்சல். முகம் நேராகியிருக்கிறது என்றால் மருந்து வேலை செய்திருக்கிறது. களிம்பு, காபி இரண்டையும் மனசிலிருந்து இறக்கி வையுங்கள் தங்கச்சி.

அம்மா சொல்கிற உண்ணிக் காய்ச்சல் வேறு. அது ஸ்க்ரப் டைபஸ், புதர்க்காட்டில் இருக்கிற ஒரு பூச்சியின் கண்ணுக்கே தெரியாத குஞ்சு கடித்து வருவது, கிருமியும் வேறு. இரண்டுக்கும் டாக்ஸிசைக்ளின்தான் என்பதால் குழப்பம் வருகிறது.

பாசிட்டிவ் விஷயத்தில்தான் உங்களைப் பயமுறுத்துகிறார்கள். அந்தப் பரிசோதனை தேடுவது கிருமியை அல்ல, கிருமியோடு சண்டை போட உடம்பு செய்த எதிர்ப்புப் பொருளை. அம்மை இறங்கின பிறகும் தழும்பு இருக்கிறதே, அந்த மாதிரி இது வருடக்கணக்கில் பாசிட்டிவாகவே காட்டும். அதை வைத்து நோய் உள்ளே இருக்கிறது என்றும் சொல்ல முடியாது, போய்விட்டது என்றும் சொல்ல முடியாது.

ஒழுங்காக மருந்து சாப்பிட்டவர்களிலேயே 100 பேரில் 5 முதல் 10 பேருக்கு ஆறு மாதத்துக்கு மேலும் இந்தச் சோர்வு, வலி, மறதி தொடர்கிறது என்று அமெரிக்க நோய்த்தடுப்பு மையமான சிடிசி சொல்கிறது. சிகிச்சைக்குப் பிந்தைய லைம் நோய்க்குறித் தொகுதி என்று அதற்கு நீளமாக ஒரு பெயர். ஏன் வருகிறது என்பது இன்னும் தீராத வழக்கு. நோய் எதிர்ப்பு மண்டலம் அணையாமல் எரிந்துகொண்டிருக்கலாம் என்பது ஒரு கணிப்பு. லைம் மூட்டுவீக்கம் வந்தவர்களின் மூட்டு நீரில், மருந்துக்குப் பிறகும் கிருமியின் சுவர்த் துணுக்குகள் கிடைத்திருக்கின்றன. ஆக, இது பிரமை அல்ல. அதே நேரம் மேலும் மேலும் ஆன்டிபயாடிக் ஏற்றினால் போகிறதா என்றால், அதைச் சோதித்துப் பார்த்துவிட்டார்கள். 2001இல் வெளியான அமெரிக்க ஆய்வில் 30 நாள் நரம்பு வழியாகவும் அப்புறம் 60 நாள் வாய் வழியாகவும் கொடுத்தார்கள், மருந்தே இல்லாத போலி மருந்து வாங்கியவர்களுக்கும் இவர்களுக்கும் வித்தியாசம் இல்லை. 2016இல் நெதர்லாந்தில் 280 பேரை வைத்து 12 வாரம் கொடுத்துப் பார்த்ததிலும் அதே கதை. நியாயமாக இதையும் சொல்ல வேண்டும்: 2003இல் வந்த ஓர் ஆய்வில் சோர்வு மட்டும் குறைந்தது. ஆனால் குழாயால் வந்த தொந்தரவுகளைப் பார்த்துவிட்டு அதைச் செய்தவர்களே அந்த வைத்தியத்தைப் பரிந்துரைக்கவில்லை.

ஒன்று பாருங்கள். முழங்கால் வெறும் வலியா, வீங்கி நீர் கோத்திருக்கிறதா? வீக்கம் என்றால் அது லைம் மூட்டுவாதமாக இருக்கலாம், அதற்கு இன்னொரு சுற்று மருந்து கொடுப்பது முறைப்படியான வைத்தியம்தான். அதை இந்த ஆறு மாதக் குழாயோடு போட்டுக் குழப்ப வேண்டாம்.

பாஸ்டன் பனி:

அக்கா, நான் மாசசூசெட்ஸ், எனக்கு இது மூன்றாவது வருடம். இப்போது ஏறக்குறைய எண்பது சதவீதம் நான் நானாக இருக்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாள்பட்ட லைம் என்ற ஒற்றைப் பெயரைப் பிடித்துக்கொண்டு ஒரு வருடம் வீணடித்தேன். அப்புறம் ஒரு டாக்டர் சொன்னார், பெயர் கிடக்கட்டும், தூக்கம் ஒரு பிரச்சினை, கிறுகிறுப்பு ஒரு பிரச்சினை, வலி ஒரு பிரச்சினை, ஒவ்வொன்றாக எடுப்போம் என்று. அன்றைக்குத்தான் எனக்கு வழி தெரிந்தது.

தூக்கத்தைத்தான் முதலில் எடுத்தோம், அது சரியாகாமல் எதுவும் நகராது. தூக்க மாத்திரை இல்லை, தூக்கமின்மைக்கான நடத்தைப் பயிற்சி. தினமும் ஒரே நேரத்துக்கு எழ வேண்டும், தூக்கம் வராமல் புரண்டுகொண்டிருந்தால் எழுந்து வேறு அறைக்குப் போய்விட வேண்டும், கட்டிலில் போன் கூடாது. கேட்க ஒன்றுமில்லாத மாதிரி இருக்கும், முதல் இரண்டு வாரம் நரகம், அப்புறம் வேலை செய்தது. அமெரிக்க முன்னாள் ராணுவத்தினர் துறை இதற்காக 'இன்சோம்னியா கோச்' என்று ஒரு செயலியை இலவசமாக விட்டிருக்கிறது, யார் வேண்டுமானாலும் போனில் இறக்கிக்கொள்ளலாம். அவர் குறட்டை விடுவாரா? அப்படியானால் தூக்கத்தில் மூச்சு நிற்கிறதா என்றும் பாருங்கள். எனக்கு அது இல்லை, எங்கள் குழுவில் ஒருவருக்கு இருந்தது, அவருடைய பாதிச் சோர்வு அதனால்தான்.

கிறுகிறுப்புக்கு வீட்டிலேயே ஒரு கணக்கு எடுக்கலாம். படுத்திருக்கும்போது நாடித் துடிப்பு எத்தனை, சுவரில் சாய்ந்து அசையாமல் பத்து நிமிடம் நின்றால் எத்தனை. 30 அல்லது அதற்கு மேல் ஏறினால் எழுதி எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள், பக்கத்தில் யாராவது நில்லுங்கள், மயக்கம் வந்தால் பிடிக்க. எனக்கு 38 ஏறியது, எழுந்து நின்றால் நாடி எகிறுகிற போட்ஸ் என்ற கோளாறு என்றார்கள். நிறையத் தண்ணீர், கூடுதல் உப்பு, இடுப்பு வரை இறுக்கமான காலுறை. உப்பு போட்ட மோர்தான் எனக்கு மருந்து என்று சொன்னபோது டாக்டருக்கு மோர் என்றால் என்னவென்று விளக்க ஐந்து நிமிடம் ஆனது. ரத்த அழுத்தம் அதிகம் உள்ளவர்கள் உப்பைத் தொடாதீர்கள்.

சோர்வுக்கு மருந்து கிடையாது, சிக்கனம்தான். இன்றைக்கு உடம்பு நன்றாக இருக்கிறதே என்று வீடு துடைத்து, துணி மடித்து, கடைக்குப் போய், விருந்தாளிக்கும் சமைத்து, மூன்று நாள் வேலையை ஒரே நாளில் செய்வேன். அடுத்த நான்கு நாள் கட்டில். இப்போது காய் நறுக்குவதுகூட உட்கார்ந்துதான், இருபது நிமிடம் வேலை, பத்து நிமிடம் ஓய்வு, நன்றாக இருக்கிற நாளிலும் அதே கணக்கு. நடை ஐந்து நிமிடத்தில் ஆரம்பித்தேன், அடுத்த நாள் படுத்துவிடவில்லை என்று உறுதியானால்தான் ஒரு நிமிடம் கூட்டுவேன். ஜிம்முக்குப் போ, வியர்த்தால் சரியாகும் என்பவர்கள் பேச்சைக் கேட்டு நான் கெட்டேன்.

வலிக்கு ராத்திரி குறைந்த அளவு அமிட்ரிப்டிலின் கொடுத்தார்கள், 10 மில்லிகிராமில் ஆரம்பித்து. மனச்சோர்வு மாத்திரையைக் கொடுத்து என்னைப் பைத்தியம் என்கிறார்களா என்று கோபம் வந்தது. இந்த அளவில் அது நரம்பு வலிக்கும் தூக்கத்துக்கும்தானாம். வாய் காய்ந்துபோகும், காலையில் மந்தமாக இருக்கும், வண்டி ஓட்டுகிறவர் கவனம்.

குழாய் போட்டவன்:

பாஸ்டன் பனி சொன்னதெல்லாம் சரி. நான் அந்தக் கிளினிக் பாதையில் போனவன், எந்த ஊர் எந்த இடம் என்று கேட்காதீர்கள். நாலு மாதம் செஃப்ட்ரியாக்சோன் என்ற ஆன்டிபயாடிக்கைக் குழாய் வழியாக ஏற்றினார்கள். முதல் மாதம் சுகமாக இருந்தது உண்மை, இல்லையென்று சொல்ல மாட்டேன், அந்த மருந்துக்கே வீக்கத்தை அடக்குகிற குணம் ஏதோ இருக்கலாம் என்று பின்னால் ஒரு டாக்டர் சொன்னார். மூன்றாவது மாதம் வயிற்றுப்போக்கு பிடித்தது, நாளைக்குப் பன்னிரண்டு தடவை. நல்ல கிருமியெல்லாம் செத்து சி.டிஃப் என்ற கெட்டது மட்டும் குடலில் பெருகிவிட்டதாம். அது அடங்குவதற்குள் பித்தப்பையில் கல், இதுவும் அந்த மருந்தால் வருவதுதான். கடைசியில் குழாய் வழியாக ரத்தத்தில் கிருமி ஏறி ஒன்பது நாள் ஆஸ்பத்திரி. லைம் கொடுத்த கஷ்டத்தைவிட வைத்தியம் கொடுத்தது அதிகம். 2017இல் சிடிசியே இப்படிப்பட்ட ஐந்து பேரின் கதையை வெளியிட்டது, அதில் உயிர் போனதும் உண்டு. அப்போது எனக்கு யாராவது அதைக் காட்டியிருந்தால் என் சேமிப்பு என்னிடம் இருந்திருக்கும்.

வேர்க்கொழுந்து:

நிலவேம்புக் குடிநீரும் மஞ்சள் மாத்திரையும் கொடுத்துப் பாருங்கள், பக்கவிளைவே கிடையாது. அசுவகந்தாவும் சோர்வுக்கு நல்லது. எங்கள் வீட்டில் எல்லோரும் எடுக்கிறோம்.

மாத்திரைக்கடை அண்ணாச்சி:

பக்கவிளைவே கிடையாது என்று மட்டும் எழுதாதீர்கள் தம்பி. குழம்பில் போடுகிற மஞ்சள் வேறு, மிளகுச் சத்து சேர்த்து அடர்த்தியாக்கிய குர்க்குமின் மாத்திரை வேறு. அதனால் கல்லீரல் கெட்டவர்கள் இருக்கிறார்கள், அசுவகந்தாவிலும் இருக்கிறார்கள், அது தைராய்டு அளவையும் அசைக்கும். இந்தக் கிருமியை ஆய்வுக்கூடத் தட்டில் கொன்ற மூலிகைகள் சில உண்டு, தட்டில் கொல்வதும் மனித உடம்பில் கொல்வதும் ஒன்றல்ல. எது எடுத்தாலும் டாக்டரிடமும் உங்கள் பார்மசிஸ்டிடமும் மறைக்காதீர்கள்.

தங்கச்சி, கேட்க மறந்தேன். அவர் சைவமா? சர்க்கரைக்கு மெட்பார்மின் எடுக்கிறாரா?

தோட்டக்காரி:

எல்லோருக்கும் நன்றி, படித்துவிட்டு அவரிடம் போனையே கொடுத்தேன். 'நாலு நாள் கட்டில்' என்ற இடத்தில், இது நான்தான் என்று சிரித்தார், ரொம்ப நாளைக்கு அப்புறம்.

அண்ணா, ஆமாம், சைவம்தான், மெட்பார்மின் ஏழு வருடமாக. முழங்கால் வீங்கவில்லை, வலி மட்டும்தான். நாடி பார்த்தோம், 14தான் ஏறியது, ஆனால் நின்றதும் ரத்த அழுத்தம் நன்றாக இறங்குகிறது.

மாத்திரைக்கடை அண்ணாச்சி:

அப்படியானால் நாளைக்கே டாக்டர் அலுவலகத்துக்கு ஒரு மெசேஜ் போடுங்கள். அவர் என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்ற பட்டியலையும், படுத்தபோதும் நின்றபோதும் எடுத்த ரத்த அழுத்தக் கணக்கையும் சேர்த்து அனுப்புங்கள், பிரஷர் மாத்திரை ஏதாவது இருந்தால் அதன் அளவுகூடக் காரணமாக இருக்கலாம். நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம். பி12, வைட்டமின் டி, தைராய்டு, ஹீமோகுளோபின் நான்கையும் பார்க்கச் சொல்லுங்கள். சைவமும் மெட்பார்மினும் சேர்ந்தால் பி12 இறங்குவது நான் வாரா வாரம் பார்க்கிற விஷயம். அது குறைந்தால் மறதி, சோர்வு, கால் மதமதப்பு எல்லாம் வரும், லைம் மேல் பழியைப் போட்டுவிட்டு நாம் சும்மா இருந்துவிடுவோம். எல்லாமே அதுதான் என்று நான் சொல்லவில்லை. ஆனால் சரிசெய்யக்கூடியதை முதலில் சரிசெய்வோம். பபீசியா, அனாபிளாஸ்மா என்று அதே உண்ணி கடத்துகிற வேறு கிருமிகளும் உண்டு. காய்ச்சலோ ராத்திரி வியர்வையோ இருந்தால் அதையும் கேளுங்கள்.

பாஸ்டன் பனி:

அக்கா, இந்தப் பக்கம் பாஸ்டனில் ஸ்பால்டிங் மறுவாழ்வு மருத்துவமனையில் உண்ணி நோய்களுக்கென்றே டீன் சென்டர் இருக்கிறது, பால்டிமோரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸிலும் லைம் ஆராய்ச்சி மையம் உண்டு. காத்திருக்க வேண்டிவரும், பெயரை இப்போதே கொடுத்து வையுங்கள். அலுவலகத்தில் மாலை மீட்டிங்குகளைக் காலைக்கு மாற்றித்தரக் கேட்கலாம், டாக்டர் கடிதம் இருந்தால் பெரும்பாலும் செய்வார்கள்.

அப்புறம் ஏப்ரல் வந்துவிட்டது. ஒரு தடவை வந்தால் மறுபடி வராது என்பதில்லை, இந்த நோய் திரும்பத் திரும்பக் கடித்துத் திரும்பத் திரும்ப வரும். மே முதல் ஜூலை வரை திரிகிற குஞ்சு உண்ணி கசகசா அளவுதான். தோட்டத்து உடுப்புக்கு பெர்மெத்ரின் என்ற பூச்சிகொல்லியை அடித்துக் காயவிடுங்கள், வீட்டுக்குள் வந்ததும் உடுப்பை அப்படியே டிரையரில் பத்து நிமிடம் நல்ல சூட்டில் ஓட்டுங்கள், ராத்திரி குளிக்கும்போது முழங்கால் மடிப்பு, அக்குள், காதுக்குப் பின்னால், தொப்புள் எல்லாம் தடவிப் பாருங்கள். ஒட்டியிருந்தால் எண்ணெயும் வேண்டாம், நெருப்பும் வேண்டாம், கூர்மையான இடுக்கியால் தோலோடு ஒட்டப் பிடித்து நேராக இழுங்கள். உண்ணியை எடுத்த 72 மணி நேரத்துக்குள் டாக்டரைக் கேட்டால், தேவையென்று பட்டால் ஒரே ஒரு வேளை டாக்ஸிசைக்ளின் கொடுப்பார்கள்.

தோட்டக்காரி:

குறித்துக்கொண்டேன். பி12க்கு வியாழக்கிழமை ரத்தம் எடுக்கிறார்கள். கிளினிக்குக்குக் கொடுத்த முன்பணத்தைக் கேட்டிருக்கிறேன், திரும்பித் தருவார்களா என்று தெரியவில்லை. சுவரோரச் சருகை இந்த வருடம் ஆள் வைத்து வாரப்போகிறோம், வருகிற பையனிடம் இந்த உண்ணி சமாச்சாரத்தைச் சொல்லிவிட்டுத்தான் வேலை கொடுப்பேன்.