கடைக்கு சிஸ்டம் போடலாமா? எங்க சாமான் கடையில நடந்தது

சுங்கை சிப்புட்:

கடைக்கு கம்ப்யூட்டர் சிஸ்டம் தேவையான்னு நிறைய பேரு கேக்கறீங்க, எங்க கடையில நடந்ததையே சொல்றேன். மலேசியாவுல, சுங்கை சிப்புட் டவுன்ல அம்மா நடத்தற சாமான் கடை. வாங்கறவங்க முக்காவாசி பேரு சுத்துப்பட்டு தோட்டத்து ஆளுங்க, மோட்டர்ல வந்து அரிசி பருப்பு மிளகாத்தூள்னு எடுத்துக்கிட்டு "சம்பளம் போட்டதும் தர்றேங்க்கா"ன்னு சொல்லிட்டு போவாங்க, அம்மா 555 புக்குல (கடன் கணக்கு எழுதற சின்ன நோட்டு) எழுதி வெச்சுக்குவாங்க. வியாபாரமே அந்த புக்குலதான் ஓடுது.

அப்படி இருக்கப்ப ஒரு கம்பெனிக்காரரு டேப்லட்டோட வந்தாரு. ஸ்டாக், விற்பனை, லாபம் எல்லாமே போன்லயே பாக்கலாம், இ-இன்வாய்ஸ் (வரி ஆபீஸுக்கு ஆன்லைன்ல அனுப்பற பில்) எல்லா கடைக்கும் வரப்போகுது ஆன்ட்டி, இப்பவே போடலன்னா அபராதம் கட்ட வேண்டியிருக்கும்னு ஒரே பேச்சு. மானியத்துல பாதி விலை போயிடும்னும் சொன்னாரு. மானியம் பொய் இல்ல, சின்ன வியாபாரத்துக்கு செலவுல 50 விழுக்காடு, 5,000 வெள்ளி (ரிங்கிட்) வரைக்கும்னு 2020லயே ஆரம்பிச்சாங்க. ஆனா மிச்சப் பாதி நம்ம காசுதானே, அப்புறம் மாசாமாசம் கட்டறது வேற.

அம்மா எல்லாத்தையும் பொறுமையா கேட்டுட்டு, "கடனுக்கு எடுக்கறவங்கள இதுல எங்க தம்பி எழுதறது? பாதி குடுத்துட்டு மீதி அடுத்த மாசம்னு சொல்லுவாங்களே, அது எப்படி?"ன்னாங்க. அவரு திரைய அங்கயும் இங்கயும் தள்ளி தள்ளி பாத்தாரு. அப்புறம், அதுக்கு தனி மாட்யூல் இருக்கு ஆன்ட்டி, மாசம் கொஞ்சம் கூட வரும்னாரு. இன்டர்நெட் லைன் போச்சுன்னா பில் போட முடியுமான்னு நான் கேட்டதுக்கு நேரா பதிலே வரல, மழை புடிச்சா தோட்டத்துப் பக்கம் லைன் எப்படி இருக்கும்னு இங்க யாருக்கும் சொல்லத் தேவையில்ல. வேணாம்னு அனுப்பிட்டோம்.

சாரா, அதான் சாமான் வாங்க அரசாங்கம் குடுக்கற உதவிப் பணம், வந்தப்ப நிலைமை வேற. 2025 ஆகஸ்ட் 31ல இருந்து 18 வயசும் அதுக்கு மேலயும் உள்ள குடிமக்கள் எல்லாருக்கும் மைகார்டுல (அடையாள அட்டை) 100 வெள்ளி போட்டாங்க இல்லையா, அத பதிவு பண்ணின கடையிலதான் செலவு பண்ண முடிஞ்சுது, 14 வகை சாமானுக்குத்தான், அதுவும் பார்கோடு ஸ்கேன் ஆகணும்னு இருந்துச்சு. வருஷக்கணக்கா எங்ககிட்ட வாங்கற குடும்பமெல்லாம் வீட்டுல இருக்கற கார்டையெல்லாம் எடுத்துக்கிட்டு சூப்பர்மார்க்கெட்டுக்கு போயிட்டாங்க. நாலு கார்டு உள்ள வீடுன்னா 400 வெள்ளி. அங்க மொத நாள்கள்ல சிஸ்டம் ஜாம் ஆகி காத்து கிடந்தாங்க, அப்பவும் போனாங்க, போனவங்க சாராவுல இல்லாத சாமானையும் அங்கயே முடிச்சுட்டு வந்தாங்க. எங்களுக்கு வலிச்சது அதுதான். ஒரு பாட்டி கார்ட கையில வெச்சுக்கிட்டு வாசப்படியிலயே நின்னு, "இது இங்க செல்லாதாம்மா? பஸ் ஏறி அவ்வளவு தூரம் போகணுமே"ன்னு கேட்டாங்க.

அதுக்கப்புறம் யோசிக்க ஒண்ணும் இல்ல, சாரா கடையா பதிவுக்கு போட்டுட்டோம். டேப்லட் இல்லாததால ஒருத்தரும் எங்க கடைய விட்டு திரும்பிப் போகல, கார்டு செல்லாததால போனாங்க, நான் பாத்த வித்தியாசம் அவ்வளவுதான். மைகார்டு மெஷின் வந்த பிறகும் வேலை இருந்துச்சு. மூட்டையில இருந்து நாங்களே பிரிச்சு கட்டற பருப்புக்கு பார்கோடு கிடையாது, அது கார்டுல போகாது, அதனால கம்பெனி பாக்கெட்ட எல்லாம் முன்னாடி கொண்டு வந்து அலமாரியையே மாத்தி அடுக்கினோம்.

தங்காக்:

அக்கா சொல்றது ரொம்ப சரி. எங்க மாமா கடையில ஜி.எஸ்.டி. வரிக்குன்னே சிஸ்டம் போட்டாங்க. 2015 ஏப்ரல் 1ல 6 விழுக்காடு வந்துச்சு, வருஷத்துக்கு 500,000 வெள்ளிக்கு மேல வியாபாரம் இருந்தா பதிவு கட்டாயம், வேற வழி இல்ல. 2018 ஜூன் 1ல அத பூஜ்யம் ஆக்கிட்டாங்க, செப்டம்பர்ல பழைய விற்பனை, சேவை வரி எஸ்.எஸ்.டி. திரும்பி வந்துடுச்சு, ஆனா சாப்ட்வேர் வித்தவங்க மெயின்டனன்ஸ் காச மட்டும் கேட்டுக்கிட்டே இருந்தாங்க, மாமா அவங்களோட சண்டை போட்டுத்தான் நிறுத்தினாரு. ஆனா ஸ்கேனர இன்னைக்கும் விடல. எந்த பால் மாவு எவ்வளவு நாளா அலமாரியில கிடக்குதுன்னு அதுலதான் தெரிய வந்துச்சு, அதுக்கு முன்னாடி தேதி முடிஞ்ச டின்ன பெட்டி பெட்டியா தூக்கிப் போடுவாங்க. வரிக்காக வாங்கினது வரி போன பின்னாடியும் உதவுது, அதையும் கணக்குல சேத்துக்குங்க.

அப்புறம் இ-இன்வாய்ஸ். 2024 ஆகஸ்ட் 1ல 100 மில்லியன் வெள்ளிக்கு மேல வியாபாரம் பண்றவங்களுக்குத்தான் மொதல்ல வந்துச்சு, பிறகு படிப்படியா கீழ இறங்குனாங்க. வருஷ வியாபாரம் ஒரு மில்லியனுக்கு கீழ இருக்கற சின்ன கடைக்கு இப்ப விலக்கு இருக்கு. எல்லா கடைக்கும்னு சொல்லி வயசானவங்கள பயமுறுத்தி விக்கறது எனக்கு உண்மையிலயே கோபம் வருது. உங்க கணக்கு எவ்வளவுன்னு மொதல்ல பாருங்க, சந்தேகம் இருந்தா வரி ஆபீஸ்லயே போய் கேளுங்க, விக்க வந்தவர்கிட்ட கேக்காதீங்க.

பாகாவ்:

நம்மளது மோட்டர் பட்டறை. டுயிட்நாவ் கியூஆர் (போன்ல ஸ்கேன் பண்ணி காசு கட்டறது) மட்டும்தான் வெச்சிருக்கேன், பையன்க இப்ப காசே கொண்டு வர்றது இல்ல. ஒருத்தன் டயர் மாத்திட்டு பழைய ஸ்கிரீன்ஷாட்ட காட்டிட்டு போயிட்டான், கையெல்லாம் கிரீஸ், எங்க போன எடுத்து பாக்கறது? இப்ப காசு உள்ள வந்தா சத்தமா சொல்ற பெட்டி வாங்கி மாட்டியிருக்கேன், எங்க வேலைக்கு அது போதும். அக்கா, உங்க மைகார்டு மெஷினுக்கு லைன் எப்படி, தனியா வைபை போட்டீங்களா?

சுங்கை சிப்புட்:

வைபை போடல தம்பி, சிம்லதான் ஓடுது. மொதல்ல போட்ட சிம் வாசல்ல நல்லா எடுத்துச்சு, உள்ள கல்லாகிட்ட வெச்சா சுத்திக்கிட்டே இருந்துச்சு, வேற கம்பெனி சிம் மாத்தின பிறகுதான் சரியாச்சு. நீங்க எந்த மெஷின் எடுத்தாலும், வைக்கப்போற எடத்துலயே வெச்சு, சாயங்காலம் மழை நேரத்துல ஒரு தடவை போட்டு காட்டச் சொல்லிட்டு அப்புறம் கையெழுத்து போடுங்க.