அம்மா சொன்ன அடுப்புப் பொறி: உண்ணிக்காய்ச்சல் அனுபவங்கள்

குலசேகரத்திலிருந்து:

புல்லிலும் புதரிலும் இருக்கும் ஒரு சிற்றுயிரி கடிப்பதால் வருவது உண்ணிக்காய்ச்சல் (ஸ்க்ரப் டைபஸ்); கடித்த இடத்தில் பலருக்கும் ஒரு கரும்பொருக்கு உண்டாகும். எங்கள் குமரி மாவட்டத்தில் பலரும் கேள்விப்பட்டதுதான் என்பதால் நடந்ததை நேராகச் சொல்லிவிடுகிறேன். ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டும் என் அம்மாவுக்கு ஐந்து நாள்களாகக் காய்ச்சல் விடவில்லை. பரிசோதனையில் டெங்கு இல்லை என்று வந்தபோதிலும், இரத்தத் தட்டணுக்கள் 68,000-க்கு இறங்கியிருந்ததால் அதுபோன்ற வைரஸ் காய்ச்சல்தான் என்று சொல்லி, குளுக்கோஸ் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். எட்டாம் நாள் காலையில் கஞ்சியோடு பக்கத்தில் நின்று மூன்று முறை கூப்பிட்டும் அம்மா திரும்பவில்லை. தோளைத் தொட்டதும் திடுக்கிட்டு, காதுக்குள் மழை இரைவதுபோல் இருக்கிறது, நீ பேசுவது கேட்கவில்லை என்றார்.

வேறு மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். அங்கே பணியிலிருந்த பெண் மருத்துவர், காது கேட்கவில்லை என்று நான் சொன்னதுமே திரையை இழுத்துவிட்டு, அம்மாவின் அக்குள், இடுப்பு, மார்பின் அடிமடிப்பு என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். இடது மார்பின் அடியில், பீடியால் சுட்டதுபோல், மிளகைவிடச் சற்றுப் பெரிய ஒரு கரும்பொருக்கு இருந்தது. வலியும் இல்லை, அரிப்பும் இல்லை. இது உண்ணிக்காய்ச்சல், இந்தக் காய்ச்சலில் சிலருக்குக் காதும் மந்தமாகும் என்றார் மருத்துவர். நான்கு நாள்களுக்கு முன் ஈரத்துணியால் உடம்பு துடைத்தபோதே அதை நான் பார்த்திருந்தேன். "அடுப்புப் பொறி தெறித்திருக்கும்" என்று அம்மா சொன்னார்; நானும் அதன்மேல் துணியை ஓட்டிவிட்டு முதுகைத் துடைக்கப் போனேன்.

பூதப்பாண்டியிலிருந்து:

சகோதரியின் வேதனை புரிகிறது. ஆனால் பொருக்கைப் பார்த்திருந்தால் உடனே கண்டுபிடித்திருக்கலாம் என்பதுபோல் இதை வாசிப்பவர்கள் எடுத்துக்கொள்ளக் கூடாது. எனக்கு உடம்பில் எந்த இடத்திலும் பொருக்கே வரவில்லை. வயல் வரப்பில் புல்லறுத்து ஏறக்குறைய பத்து நாள் கழித்துக் காய்ச்சலும், கண்ணைத் திறக்க முடியாத தலைவலியும் வந்தன. நான்காம் நாள் எடுத்த இரத்தப் பரிசோதனை இல்லை என்றது. ஒரு வாரம் கழித்து எடுத்த அதே பரிசோதனை ஆம் என்றது. உடம்பில் எதிர்ப்பொருள் உருவாக நாளாகும் என்பதால், தொடக்கத்தில் வரும் "இல்லை"யை முடிவாகக் கொள்ள முடியாது. முதலில் பார்த்த மருத்துவரை மட்டும் குறை சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை.

தக்கலையிலிருந்து:

செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். என் பேரனுக்கு அந்தப் பொருக்கு காதின் பின்னால் முடிக்குள் இருந்தது. பேன் பார்க்க உட்கார்ந்தபோதுதான் என் விரலில் தட்டுப்பட்டது.

யாரும் கேட்காவிட்டாலும் சிலவற்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. உண்ணி என்று நாம் சொன்னாலும், மாட்டின்மேல் தொங்கும் உண்ணி இதைப் பரப்புவதில்லை. கண்ணுக்கு எளிதில் தெரியாத ஒருவகைச் சிற்றுயிரியின் இளம்புழு கடிப்பதால்தான் ஒரியன்ஷியா என்ற பாக்டீரியா உடம்புக்குள் போகிறது. எல்லைக்கு அப்பால் கேரளத்தில் இதைச் செள்ளுப்பனி என்பார்கள். வேர்வை தங்கும் மடிப்புகளில் பொருக்கு கறுத்துக் காயாமல் வெறும் ஈரப்புண்ணாகவே இருக்கலாம் என்பதால், கறுப்பை மட்டும் தேடாதீர்கள். பென்சிலின் வகை மருந்துகளுக்கும், வழக்கமாகப் போடும் செஃப்ட்ரியாக்சோன் ஊசிக்கும் இந்தக் கிருமி அசையாது. விலை குறைந்த டாக்சிசைக்ளின் என்ற மருந்துக்குக் கட்டுப்படும். கர்ப்பிணிகளுக்கு அசித்ரோமைசின் கொடுப்பார்கள். மருந்து சரியாக அமைந்தால் பெரும்பாலும் இரண்டு நாள்களில் காய்ச்சல் இறங்கிவிடும். நோய் முற்றி நுரையீரலையோ மூளையையோ தொட்டுவிட்டவர்களுக்கு இரண்டு மருந்துகளையும் சேர்த்து நரம்பு வழியே செலுத்துவது, ஒன்றை மட்டும் கொடுப்பதைவிட மேலானது என்று வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி முன்னின்று நடத்திய ஆய்வு 2023-இல் வெளியானது. ஆகவே, காய்ச்சலோடு போகும்போது தோட்டத்துக்கோ வயலுக்கோ போனதை மருத்துவர் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். மாத்திரையை நீங்களாகவே வாங்கி விழுங்க வேண்டாம். தோட்டத்திலிருந்து வந்ததும் குளித்து, உடுத்த துணியை வெந்நீரில் நனைத்துப் போடுங்கள். புல்தரையில் வெறுமனே உட்காராதீர்கள்.

மீண்டும் குலசேகரத்திலிருந்து:

பூதப்பாண்டிக்காரர் சொன்னதற்குப் பதில் சொல்ல வேண்டும். முதல் மருத்துவரை நான் குறை சொல்லவில்லை. உடம்பில் புண் ஏதும் உண்டா என்று அவர் கேட்கத்தான் செய்தார். ஆண் மருத்துவர் என்பதால் அம்மா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, ஒன்றுமில்லை என்றார். பக்கத்தில் நின்ற நானும் ஒன்றுமில்லை என்றே சொன்னேன். டாக்சிசைக்ளின் தொடங்கிய மறுநாள் இரவே காய்ச்சல் விட்டது. காது மட்டும் மெல்லத் திரும்பியது. மூன்றாவது வாரத்தில் ஒரு விடியலில், பால் சேகரிக்கும் வாளி சைக்கிளில் தட்டும் சத்தம் கேட்கிறது என்று அம்மாவே வந்து சொன்னார்.